ஊதா நிறத்தில் ஒரு பொட்டு

ஒரு முழுத் துளிகூட வேண்டாம். பல்குத்தும் குச்சியின் முனையில் ஒட்டிக்கொண்டு நிற்கிற அளவு போதும். என் மூக்குக் கண்ணாடியில் இருக்கும் நாலு ஸ்க்ரூவிலும் அந்த அளவு ஊதாப் பசையைத் தடவி மூன்று வருஷம் முடிந்துவிட்டது. இந்த மூன்று வருஷத்தில் ஒரு ஸ்க்ரூகூட அசையவில்லை. தினமும் காலையில் கண்ணாடியை எடுத்து மாட்டும்போது காதுக் கம்பியை விரலால் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துக்கொள்கிறேன். ஆட்டம் இல்லை. அந்த ஆட்டமில்லாமை தருகிற சந்தோஷம் எனக்கு இன்னும் பழகவில்லை!

கண்ணாடி போடாதவர்களுக்கு இதில் இவ்வளவு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். போட்டவர்களுக்குத் தெரியும். ஒருநாள் மாநகரப் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருக்கிறேன். பேருந்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. இடது கண்ணில் உலகம் சட்டென்று கலங்கியது. ஃபிரேம் மூக்கில்தான் இருக்கிறது, லென்ஸ் மட்டும் கீழே. எதிர் இருக்கையில் இருந்த அம்மா குனிந்து எடுத்து, "இந்தாங்க, யாராவது மிதிச்சுடப் போறாங்க" என்று முந்தானையில் துடைத்தே கொடுத்தார். ஸ்க்ரூ போன இடம் தெரியவில்லை. கண்ணாடி ஃபிரேமில் இருக்கிற ஸ்க்ரூக்கள் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்கூட வராதவை. பேருந்துத் தரையில் அதைத் தேடுவதற்கே ஒரு கண்ணாடி வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இது பரம்பரைப் பிரச்சினை. தாத்தா கண்ணாடியின் மூட்டில் செம்புக் கம்பி முறுக்கியிருக்கும். அப்பா கறுப்பு நூல் சுற்றுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நூல் எண்ணெய்ப் பிசுக்கேறி மாற்றுவார். நான் நெயில் பாலிஷ் பூசிப் பார்த்தேன். அது கெட்ட வழி இல்லை, பழைய ரேடியோ மெக்கானிக்குகள் எல்லாம் செய்ததுதான். ஆனால் ஸ்க்ரூ தலைக்கு மேலேதான் அது காய்கிறது, உள்ளே மரைக்கு இறங்குவதில்லை. இரண்டு மாதத்தில் சருகாக உதிர்ந்துவிடும். அப்புறம், நொடியில் ஒட்டும் பசை ஒன்றை விட்டேன். அன்றைக்கு என் கண்ணாடிக்கு நான் செய்தது பெரிய அநியாயம். அந்தப் பசையின் ஆவி லென்ஸ் ஓரத்தில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஸ்க்ரூவோ அடுத்த தடவை திருப்பும்போது தலை முறிந்தே வந்தது.

பேருந்தில் விழுந்த லென்ஸோடு போன கடை, திருவல்லிக்கேணியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கடை. பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு புது ஸ்க்ரூ தேடினார்.

"நல்லா இறுக்கிக் குடுத்துடுங்க ஐயா" என்றேன்.

"இறுக்கி என்ன பிரயோஜனம் தம்பி? ஆறு மாசத்துல மறுபடி வந்து நிப்பீங்க. இதுக்குன்னு மருந்து ஒண்ணு வச்சிருக்கேன்."

மேஜை இழுப்பறையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பியை எடுத்தார். குண்டூசி முனையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு. அதை ஸ்க்ரூவின் மரையில் தொட்டுவைத்து, ஸ்க்ரூவை உள்ளே விட்டுத் திருகி, தலையைச் சுற்றிப் பிதுங்கியதைத் துணியால் ஒற்றியெடுத்தார். அவ்வளவுதான். "நாளைக்குக் காலைல வரைக்கும் மடக்காம வச்சிருங்க" என்றார். என்ன பசை என்று கேட்டேன். குப்பியைத் திருப்பிக் காட்டினார். 222 என்று போட்டிருந்தது.

மறுவாரமே ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். வண்டி உதிரிபாகங்கள் மலைமலையாகக் குவிந்திருக்கும் அந்தத் தெருவில் இது கிடைக்காமல் போகாது என்று கணக்கு. த்ரெட் லாக்கர் என்று கேட்டால் போதும். எந்தக் கம்பெனிக் குப்பியாக இருந்தாலும் மெக்கானிக்குகள் வாயில் அதன் பெயர் லாக்டைட்தான். நம் சென்னையிலேயே அனபாண்ட் நிறுவனம் இந்த வகைப் பசைகளைத் தயாரிக்கிறது. குப்பியைக் கையில் வாங்கியதும் எனக்குச் சுருக்கென்றது. பாதிதான் இருந்தது. கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"சார், எந்தக் குப்பிய எடுத்தாலும் பாதிதான் சார் இருக்கும். மீதி காத்து. காத்து இல்லன்னா உள்ளயே கல்லாயிடும்."

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்த பிறகுதான் அவர் சொன்னது எத்தனை பெரிய விஷயம் என்று புரிந்தது. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. பாருங்கள், நாம் அறிந்த பசையெல்லாம் காற்றுப் பட்டால் காயும். கோந்து, மைதாப் பசை, பெயின்ட், வார்னிஷ் எல்லாம் அப்படித்தான். இது நேர்மாறு. காற்று படுகிற வரை தண்ணீர் போலவே இருக்கும். காற்று விலகினால்தான் இறுகும்! காற்றில்லாமை மட்டும் போதாது, பக்கத்தில் உலோகமும் வேண்டும். திரவத்துக்குள் இருக்கும் மெத்தாக்ரிலேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகத் துடித்துக்கொண்டிருக்கின்றன. ஆக்சிஜன் ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்து அந்தச் சங்கிலியை அறுத்துவிடுகிறது. ஸ்க்ரூவை உள்ளே திருகியதும் மரை இடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, இரும்போ செம்போ தூண்டிவிடுகிறது, சங்கிலி ஓடத் தொடங்குகிறது. இடுக்கில் இருப்பது கல்லாகிவிடும். வெளியே பிதுங்கியது அப்படியே ஈரமாக இருக்கும், துடைத்தால் போச்சு. எங்கே ஒட்ட வேண்டுமோ அங்கே மட்டும் ஒட்டுகிற பசை! இந்த மாதிரி நல்ல புத்தியுள்ள பொருளை நான் வேறு பார்த்ததில்லை.

குப்பி மெல்லிய பாலிஎதிலீனில் இருப்பதும் இதற்காகத்தான். அதன் சுவர் வழியாகவே காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். நிறைத்து வைத்தால் நடுவில் இருக்கும் திரவம் மூச்சு முட்டி இறுகிவிடும். அந்தக் கடைக்காரரிடம் மறுமுறை போனபோது மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே டீ சொன்னார்.

இந்தப் பசை பிறந்த கதையும் எனக்குப் பிடித்தமானது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் டிரினிட்டி கல்லூரி. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்தவர் வெர்னான் க்ரீபிள். அவர் மகன் ராபர்ட் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். அந்த நிறுவனத்தில் ஒரு விசித்திரமான திரவம் இருந்தது. விடாமல் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால் திரவமாக இருக்கும், நிறுத்தினால் இறுகிவிடும். காற்று பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய பொருளை யார் கடையில் வைத்து விற்பது? மகன் அப்பாவிடம் சொல்ல, அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். 1953-இல், பம்பு எதுவும் இல்லாமல் குப்பியில் சும்மா இருக்கக்கூடிய பசையை அவர் செய்துவிட்டார். அதற்கு லாக்டைட் என்று பெயர் வைத்தவர் ராபர்ட்டின் மனைவி நான்சி. 1956-இல் நியூயார்க்கில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி உலகத்துக்கு அறிவித்தார்கள். அப்பாவும் மகனும் மருமகளும் சேர்ந்து ஒரு துளிக்கு உயிர் கொடுத்த மாதிரி இருக்கிறது இதைப் படிக்கும்போது.

ஆனால் ஸ்க்ரூ ஏன் தானாகக் கழல்கிறது? இதைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் "சரியா இறுக்கலை" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இறுகியிருக்கும் ஸ்க்ரூவின் மரை, நட்டின் மரையோடு ஒரு பக்கம்தான் அழுந்தியிருக்கும். மறுபக்கம் மயிரிழை இடைவெளி. அது இல்லாவிட்டால் ஸ்க்ரூவைத் திருகவே முடியாது. ஜெர்மன் பொறியாளர் ஜெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைக் காட்டினார்: ஸ்க்ரூவைக் கழற்றிவிடுவதில் மேலும் கீழுமான அதிர்வைவிடப் பக்கவாட்டு ஆட்டம்தான் பெரிய எதிரி. அதைச் சோதிக்க அவர் அமைத்த இயந்திரத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

எனக்கு அது ஒரு லாரியைப் பார்த்தபோது விளங்கியது. மூட்டை இறக்கச் சாய்வாகப் பலகை போட்டிருந்தார்கள். பலகை நடுவில் வைத்த அரிசி மூட்டை தானாகச் சறுக்கவில்லை, உராய்வு பிடித்து நிறுத்தியிருந்தது. தொழிலாளி ஒருவர் காலால் அதை இடமும் வலமுமாகத்தான் தள்ளினார். ஒவ்வொரு தள்ளலுக்கும் மூட்டை கொஞ்சம் கீழேயும் இறங்கியது. பக்கவாட்டில் நகரத் தொடங்கியதும் சாய்வில் பிடித்துவைக்கும் உராய்வும் போய்விடுகிறது. ஸ்க்ரூவின் மரை என்பது சுருட்டி வைத்த சாய்வுப் பலகை. ஆட்டம் கொடுத்தால் அது அந்தச் சாய்வில் இறங்கத்தான் செய்யும். நாம் காலங்காலமாக நம்பிப் போடுகிற ஸ்பிரிங் வாஷர் இறுக்கியதும் தட்டையாகிவிடுகிறது. பக்கவாட்டு ஆட்டத்தின் முன்னால் அதனால் நிற்க முடிவதில்லை. பசை செய்வது என்னவென்றால், அந்த மயிரிழை இடைவெளியையே நிரப்பிவிடுகிறது. ஆட இடமே இல்லை. தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கவும் இடமில்லை.

இனி நிறம். இதில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிறையப் பேர் தவறான குப்பியை வாங்கிவிட்டு இந்த அருமையான பொருளையே வெறுத்துவிடுகிறார்கள். ஊதா, அதாவது 222, சின்ன ஸ்க்ரூக்களுக்கானது. சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திரும்பக் கழற்றலாம். நீலம், 242 அல்லது 243, நடுத்தர போல்ட்டுகளுக்கு. ஸ்பேனர் போட்டால் கழலும். சிவப்பு, 271 போன்றவை, கழற்றவே போவதில்லை என்ற இடத்துக்கு. கழற்ற வேண்டுமானால் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடு காட்ட வேண்டும். பச்சை, 290, ஏற்கெனவே இறுக்கிய ஸ்க்ரூவின் ஓரத்தில் விட்டால் தானே உள்ளே ஊர்ந்து இறங்கும். எல்லாக் கம்பெனியும் ஒரே நிறக் கணக்கைப் பின்பற்றும் என்று இருந்துவிடாமல் குப்பியில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

கடைகளில் முதலில் கைக்கு வருவது சிவப்பும் நீலமும்தான். ஊதாவைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். "பலமானதே இருக்கட்டுமே" என்ற நினைப்பில் நானும் ஒருமுறை சிவப்பைத் தொட்டேன். மகளின் ரிமோட் காரில், மோட்டார் தண்டோடு சின்னப் பல்சக்கரத்தைப் பிடித்திருப்பது 3 மில்லிமீட்டர் கிரப் ஸ்க்ரூ. தலை இல்லாத, அலன் கீ போடும் சாதி. கார் ஓடி ஓடி அது கழன்றுகொண்டே இருந்தது. சிவப்பு விட்டேன். நின்றது, அற்புதமாக நின்றது. ஆறு மாதம் கழித்துப் பல்சக்கரத்தை மாற்ற வேண்டி வந்தபோதும் நின்றது! அலன் கீ துவாரத்தின் முனைகள் மழுங்கத் தொடங்கிவிட்டன. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சால்டரிங் அயர்னின் முனையை அந்த ஸ்க்ரூமேல் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். காரமாக ஒரு நெடி வந்தது. உடனே புது அலன் கீயைப் போட்டு மெல்லத் திருப்பினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வந்துவிட்டது. "அப்பா, வந்துடுச்சு!" என்று அவள் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் நீலம்தான். அதைவிடச் சிறியது எல்லாவற்றுக்கும் ஊதா, யோசனையே இல்லை.

அதே காரில் எனக்குக் கிடைத்த இன்னொரு பாடம் வலித்தது. மோட்டாரைத் தாங்கும் பகுதி பிளாஸ்டிக். நான் தாராளமாக விட்ட நீலம் வழிந்து அதில் படிந்திருக்கிறது. மறுநாள் ஸ்க்ரூத் துளையைச் சுற்றி நகக்கீறல் போல விரிசல்கள். இந்தப் பசை ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளை வெடிக்கச் செய்யும். உலோகத்துக்குள் உலோகம் திருகும் இடத்தில்தான் இதற்கு வேலை. கண்ணாடி லென்ஸ்கள் பல பாலிகார்பனேட்டில் வருகின்றன என்பதை மறக்கவே கூடாது. குப்பியை நேராக ஃபிரேமில் கவிழ்க்காதீர்கள். பெரியவர் செய்ததுபோல ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்து, மரையில் மட்டும் பொட்டு வைத்து, பிதுங்கியதை உடனே ஒற்றியெடுக்க வேண்டும். மரைகூடப் பிளாஸ்டிக்கிலேயே இருக்கும் ஃபிரேம் என்றால் இந்த வைத்தியமே வேண்டாம்.

நான் அதிகம் கொண்டாடுவது அம்மாவின் தையல் மிஷினில் நடந்ததை. பாபின் கேஸைக் கையில் எடுத்துப் பாருங்கள்; பக்கவாட்டில் ஒரு மெல்லிய எஃகுத் தகடும் அதில் இரண்டு ஸ்க்ரூக்களும் இருக்கும். பெரியது நூலின் இழுப்பைக் கூட்டிக் குறைக்க. சின்னது தகட்டைப் பிடித்திருக்க. அந்தச் சின்னது மிளகில் பாதி இருக்காது. தைக்கத் தைக்க அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும், தையல் அடியில் நூல் குவியும், அம்மா மிஷினைத் திட்டத் தொடங்குவார். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், ரவிக்கைகள் குவிந்து கிடக்கிற நேரத்தில் அது கழன்றே விழுந்துவிட்டது. வெள்ளைத் துணியை விரித்து, காந்தத்தை ஓட்டித் தேடி எடுத்தோம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் எண்ணெய் போகக் கழுவி, சின்ன ஸ்க்ரூவுக்கு மட்டும் ஊதாப் பொட்டு வைத்தேன். பெரியதைத் தொடவில்லை, அதை அம்மா தினமும் திருப்ப வேண்டும். "ஒரு ராத்திரி மிஷினைத் தொடாதீங்க அம்மா" என்றால் கேட்பாரா? வேறு பாபின் கேஸ் வாங்கி வந்து கொடுத்துச் சமாதானம் செய்தேன். அந்த ஒரு பொட்டு அதற்குப் பிறகு மூன்று தீபாவளிகளுக்குத் தைத்திருக்கிறது.

ஒரு ராத்திரி என்று சொல்வது சும்மா இல்லை. பித்தளையிலும் சாதாரண இரும்பிலும் பத்து இருபது நிமிஷத்தில் பிடித்துவிடும், முழு பலம் வர 24 மணி நேரம். எவர்சில்வர், டைட்டானியம், துத்தநாக முலாம் இவையெல்லாம் மந்தமான உலோகங்கள். பசையைத் தூண்டும் வேகம் குறைவு. நானே ஒருநாள் மாலை ஒரு பித்தளை நட்டிலும் ஒரு எவர்சில்வர் நட்டிலும் ஒரே குப்பியிலிருந்து விட்டுப் பார்த்தேன். பித்தளை அரைமணியில் விரலுக்கு மசியவில்லை. எவர்சில்வர் இரவு படுக்கப்போகும் வரை வழுவழுவென்று சுற்றிக்கொண்டே இருந்தது, காலையில் பார்த்தால் சிலை! இவற்றுக்கென்று முன்பூச்சுத் திரவம் கடையில் கிடைக்கிறது, எனக்கு அது தேவைப்பட்டதில்லை. பொறுமை போதும், சென்னை வெயிலும் துணைக்கு இருக்கிறது.

என்னுடைய பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் நம்பர் பிளேட், கண்ணாடித் தண்டு, ஹெட்லைட் வளையம் எல்லாம் இப்போது நீலத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. கேமராவின் அடித்தட்டு, குளியலறைக் கதவின் கைப்பிடி, கைக்கடிகாரப் பட்டையின் ஸ்க்ரூக்கள் ஊதாவின் பாதுகாப்பில். குக்கர் கைப்பிடிக்கும் ஆசை வந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தின் பக்கம் இது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இன்னொன்று: குப்பி முனை ஸ்க்ரூவைத் தொடக்கூடாது. இரும்புத் துகள் உள்ளே போனால் குப்பியே இறுகிவிடலாம். குச்சியில் எடுத்துத்தான் தடவுகிறேன். சிலருக்கு இது தோலில் பட்டால் அரிப்பு வரும் என்பதால் கையுறையும் போட்டுக்கொள்கிறேன். அடிமூடிய துளையாக இருந்தால் பொட்டைத் துளையின் அடியில் வைக்க வேண்டும். ஸ்க்ரூவில் வைத்தால் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அதை மேலே தள்ளி வெளியேற்றிவிடும்.

போன மாதம் கண்ணாடியில் பவர் மாற வேண்டியிருந்தது. அதே திருவல்லிக்கேணிக் கடை. பெரியவர் இப்போது மதியத்துக்கு மேல்தான் வருகிறாராம், மகன் உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பினார். டிக் என்று மெல்லிய சத்தம், அப்புறம் ஸ்க்ரூ சாதுவாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. மரையில் உப்புத்தூள் போல வெளிறிய ஊதாப் பொடி. நாலையும் கழற்றி வெல்வெட் துணிமேல் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இது அப்பா போட்டது, பாத்தாலே தெரியுது. மத்த மூணும் யாரு சார்?"

"நான்தான்."

புது லென்ஸை மாட்டினார். பிரஷால் பழைய பொடியை மரையிலிருந்து தட்டிவிட்டார். இழுப்பறையைத் திறந்து குப்பியை எடுத்தவர், ஒரு கணம் யோசித்து, குண்டூசியோடு சேர்த்து அதை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே போடுங்க சார்."